மூன்றுக்கு ஐந்து புள்ளி, ஒரே கம்பி

பக்கத்தில் பேனாவும் தாளும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து நேர்ப்புள்ளி வையுங்கள். ஒரு மூலைப் புள்ளியைச் சுற்றி வளைத்துக் கிளம்புங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கம்பி எப்போதும் குறுக்காகவே நுழைய வேண்டும். ஓரத்துக்குப் போனதும் அங்கிருக்கும் புள்ளியைச் சுற்றிக்கொண்டு உள்ளே திரும்ப வேண்டும். முன்பு போட்ட கம்பியை வெட்டிக்கொண்டு போகலாம், அதன் மேலேயே ஓடக் கூடாது. கை எடுக்காமல் போய்க்கொண்டே இருங்கள். பதினைந்து புள்ளிகளையும் சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். மொத்தக் கோலமும் ஒரே கம்பி.

இதையே நாலுக்கு நாலில் போட்டுப் பாருங்கள். கம்பி சீக்கிரமே மூடிக்கொள்ளும், முக்கால்வாசி வேலை மிச்சமிருக்கும். முழுதாக முடிக்க நாலு தனித்தனி வளையங்கள் வேண்டும். நாலுக்கு ஆறு என்றால் இரண்டு வளையம். ஆறுக்கு ஒன்பது என்றால் மூன்று. பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொது வகுத்தி என்று படித்தோமே, அதேதான். வரிசை எண்ணிக்கைக்கும் வரிசையிலுள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீ.பொ.வ. எதுவோ, அத்தனை வளையம்.

காரணமும் எளிது. மூன்றுக்கு ஐந்தில் கம்பி பக்கவாட்டில் போய்த் திரும்ப 10 அடி, மேலும் கீழுமாகப் போய்த் திரும்ப 6 அடி. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கிய இடத்துக்கு வர வேண்டுமானால் 30 அடி நடந்தாக வேண்டும். அதற்குள் எல்லாப் புள்ளியும் முடிந்துவிடுகிறது. நாலுக்கு நாலில் இரண்டு பக்கமும் 8 அடி என்பதால் எட்டாவது அடியிலேயே கம்பி மூடிக்கொள்கிறது.

இது எனக்குப் பிடிபட்ட இரவில் தூக்கம் வரவில்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். கியூப், சுடோகு, சதுரங்கப் புதிர், எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்வது என்று சின்ன வயதிலிருந்தே இந்த மாதிரி விஷயங்களில்தான் மனம் ஓடும். வீட்டில் எனக்கு ஒரு முத்திரை உண்டு: ‘இவனுக்குக் கணக்கு வரும், கலை வராது’. பள்ளியில் ஓவிய வகுப்பில் வெள்ளைத் தாளைக் கொடுத்து, விருப்பப்பட்டதை வரையச் சொல்வார்கள். என் மனதில் ஒன்றுமே எழாது. அதனால் அந்த முத்திரையை நானும் நம்பினேன், பல வருஷம். அது தவறு என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது சிக்குக் கோலம்.

கும்பகோணம் பக்கம் என் அத்தை இருக்கிறார். அந்தத் தெருவில் மார்கழி என்றால் அத்தை வாசல்தான். எல்லாம் கம்பிக் கோலம். வண்ணப் பொடி கிடையாது, ஓரத்தில் செம்மண் பூசுவதோடு சரி. ஒரு மார்கழி விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, அவர் போட்டுக்கொண்டிருந்த கோலத்தின் கம்பியைக் கண்ணால் பின்தொடர ஆரம்பித்தேன். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கத்தான். அது எங்கேயும் முடியவில்லை. எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுத் தன்னிடமே திரும்பி வந்தது. அத்தை பார்த்துவிட்டு, “என்னடா தம்பி, கம்பி எண்றியா?” என்றார். “ஆமா அத்தை, இது ஒரே கம்பியா?” என்றேன். “பின்ன? துண்டு துண்டா இருந்தா அது சிக்கா?”

அதற்குப் பிறகு அத்தைதான் குரு.

ஹிருதய கமலம் என்ற கோலத்தைத்தான் முதலில் கேட்டுக் கற்றுக்கொண்டேன். நடுவில் ஒரு புள்ளி. அதிலிருந்து எட்டுத் திசைக்கும் ஆரம் ஆரமாக, ஆரத்துக்கு ஐந்து புள்ளி. அத்தை ஒரு வாய்ப்பாடு மாதிரிச் சொல்வார்: ஒண்ணு, நாலு, ரெண்டு, அஞ்சு, மூணு. முதல் ஆரத்தில் முதல் புள்ளி, அடுத்த ஆரத்தில் நாலாம் புள்ளி, அதற்கடுத்ததில் இரண்டாம் புள்ளி, இப்படிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வரிசை முடிந்தால் மறுபடி ஒண்ணு. ஒரு சுற்று முடிந்து முதல் ஆரத்துக்கு வரும்போது, கிளம்பிய முதல் புள்ளிக்கு வர மாட்டோம், ஐந்தாம் புள்ளிக்கு வருவோம். அடுத்த சுற்றில் நாலாம் புள்ளிக்கு. ஐந்து சுற்று முடியும்போது 40 புள்ளியும் தொடப்பட்டுக் கம்பி மூடிக்கொள்ளும், நடுவில் தாமரை மலர்ந்திருக்கும்.

இது எட்டு ஆரத்தில் ஏன் நடக்கிறது? வாய்ப்பாட்டில் இருப்பது ஐந்து எண். எட்டையும் ஐந்தையும் சேர்த்து வகுக்க ஒன்றைத் தவிர வேறு எண் கிடையாது. ஆறு, ஏழு, ஒன்பது ஆரம் வைத்தாலும் ஒரே கம்பியாகவே வரும். பத்து ஆரம் வைத்தால் முதல் சுற்றிலேயே கம்பி மூடிக்கொண்டு, ஐந்து தனி வளையங்களாக உடைந்துவிடும். இதை அத்தையிடம் சொன்னபோது, “பத்துல வராதுன்னு எங்க அம்மாவே சொல்லுவாங்க” என்றார். அத்தையின் அம்மா, அதாவது என் பாட்டி, பள்ளிக்கூடம் போகாதவர். எனக்குச் சிலிர்த்துப் போனது. அவர் பகா எண்களைப் பற்றிப் படித்ததில்லை. ஆனால் பத்து ஆரம் வைத்துப் பார்த்திருக்கிறார், உடைவதைப் பார்த்திருக்கிறார், மகளிடம் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். தேடினால், ஒரு படையே எனக்கு முன்னால் இந்த வழியில் போயிருக்கிறது. அதுவும் தாம்பரத்திலிருந்து. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோன்மணி, கல்வெட்டு எழுத்து, சிந்துவெளி எழுத்து, மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன் என்று எதை எடுத்தாலும் எண்ணிப் பார்த்து ஆராய்ந்தவர். அவரும், அதே கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர் மனைவி ராணி சிரோன்மணியும், பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வரைகலைக்கான சர்வதேச இதழில். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் எழுத முடியும், ஒரு சின்ன விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் சின்னக் கோலம் பெரிய கோலமாக வளரும் என்பது அதன் சாரம். 1974-இல் நம் ஊரில் எத்தனை பேர் கணினியைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்!

இன்னொரு பக்கம், ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-இல் பாசி எப்படிக் கிளை விட்டு வளர்கிறது என்று விளக்க ஒரு முறையை உருவாக்கினார். ஓர் எழுத்துக்குப் பதில் சில எழுத்துகளை வை, அப்படி வந்த ஒவ்வோர் எழுத்துக்கும் அதையே செய், அவ்வளவுதான் முறை. அந்த எழுத்துகளை ‘முன்னே போ’, ‘இடப்பக்கம் திரும்பு’ என்று வாசித்தால் செடி வரையலாம். கோலமும் வரையலாம் என்று இந்தத் தாம்பரம் கூட்டம் கண்டுகொண்டது. கிஃப்ட் சிரோன்மணி 1988-இல் காலமானார். மறு வருஷம் வந்த நினைவு மலரில், செடிகளைக் கணினியில் வளர்ப்பதில் பேர்பெற்ற புருசின்கீவிச்சும் கமலா கிருத்திவாசனும் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். தென்னிந்தியக் கோலத்தையும் கர்நாடக இசையையும் அதே முறையால் உருவாக்குவது பற்றி. பாசி, கோலம், ஸ்வரம், மூன்றும் ஒரே தாளில்! எனக்குப் பிடித்த எல்லாமே ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததைத் தாமதமாகக் கேட்டவன் போலிருந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எஸ். நாரணன், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் விண்கதிர்களை ஆராய்ந்த இயற்பியலாளர். ஓய்வுபெற்ற பிறகு ஃபிபோனாச்சி எண்களால் கோலம் போடத் தொடங்கினார். 1, 1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை. ஐந்துக்கு ஐந்து சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு புள்ளி. சுற்றிலும் காற்றாடி இறக்கை மாதிரி இரண்டுக்கு மூன்று செவ்வகங்கள் நாலு. 1 + 24 = 25. எட்டுக்கு எட்டில், நடுவில் இரண்டுக்கு இரண்டு, சுற்றிலும் மூன்றுக்கு ஐந்து நாலு. 4 + 60 = 64. பதின்மூன்றுக்கும் இப்படியே பொருந்தும், போட்டுப் பாருங்கள். இந்தத் துண்டுகளைத் தைத்து ஒரே கம்பியாக்குவார் நாரணன்.

தைப்பதா? ஆமாம். சிக்குக் கோலத்தின் உயிரே அங்கேதான். நான் முதலில் சொன்ன கணக்குப்படி, சதுரத்தில் எப்போதும் பல வளையங்கள்தான் வர வேண்டும். ஐந்துக்கு ஐந்தில் ஐந்து. ஆனால் அத்தை சதுரத்திலும் ஒரே கம்பி போடுகிறாரே? ரகசியம், சில இடங்களில் கம்பியை வெட்டிக்கொள்ள விடாமல் விலக்குவது. இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்ட வரும் இடத்தில், வெட்டாமல் இரண்டும் வளைந்து அவரவர் பக்கம் திரும்பிவிட வேண்டும். அப்படி விலகும் இரண்டும் இரு வேறு வளையங்களைச் சேர்ந்தவையாக இருந்தால், விலகிய மறுகணம் அவை ஒரே வளையமாகிவிடும். யோசித்தால் விசித்திரமாக இருக்கும். வெட்டிக்கொண்டு போனவரை தனித்தனி, விலகியதும் ஒன்று. கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

இந்த இடத்தில் நான் பைத்தானில் உட்கார்ந்தேன். ஐந்துக்கு ஐந்தில் கம்பிகள் சந்திக்கும் இடங்கள் 40. ஒவ்வொன்றிலும் வெட்டு அல்லது விலக்கு. அப்படியானால் மொத்தம் ஒரு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட கோலங்கள். ஆனால் அத்தையின் சட்டம் ஒன்று உண்டு: எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கால்வட்டம் திருப்பினால் ஒரு சந்திப்பு இன்னொரு சந்திப்பின் மேல் போய் உட்காரும் என்பதால், நாற்பதும் நாலு நாலாகச் சேர்ந்து பத்துக் கூட்டமாகிவிடும். ஒரு லட்சம் கோடி, வெறும் 1024 ஆகச் சுருங்கிவிட்டது! அத்தையின் அந்த ஒரு சட்டம் செய்த வேலை அது. 1024-ஐயும் புரோகிராம் வரைந்தது, எதெல்லாம் ஒரே கம்பி என்று தேர்ந்து கொடுத்தது. தாளில் அச்செடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கும்பகோணம் போனேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிலவற்றுக்கு முகம் சுழித்தார். சிலவற்றை நகத்தால் தட்டி, “இது எனக்குத் தெரியும்” என்றார். சிலவற்றைப் பார்த்து, “அட, இது நல்லாருக்கே, இது யாரும் போட்டு நான் பாத்ததில்ல” என்றார். அந்தச் சொல் கேட்டபோது வந்த சந்தோஷத்தை என் சம்பள உயர்வுகள் எதுவும் எனக்குத் தந்ததில்லை. பிறகு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டிக் கேட்டார்: “தம்பி, கோலமெல்லாம் சரி. இதை எங்க நின்னு போடுவ?”

எனக்குப் புரியவில்லை. “தாள்ல போட்டா சரி. வாசல்ல உன் கால் எங்க இருக்கும்? இந்தக் கம்பி இப்படிப் போயி அப்படித் திரும்புது. அப்ப நீ போட்டத நீயே மிதிச்சுடுவ.” தன் கோலத்தை விரலால் காற்றில் போட்டுக் காட்டினார். நடுவிலிருந்து தொடங்கி, உடம்பு பின்னாலேயே நகர்ந்து வர, முடிக்கும்போது வெளி ஓரத்தில் நிற்கிறார். கம்பி செல்லும் வழியையும் கால் நகரும் வழியையும் சேர்த்தே அவர் மனதில் வைத்திருக்கிறார். அதற்கு மேல் இன்னொன்று: சாணம் தெளித்த தரையின் ஈரம் காய்வதற்குள் முடித்தாக வேண்டும், காய்ந்தால் மாவு பிடிக்காது. எந்த வரிசையில் போட்டால் வேகம் வரும் என்பதும் அந்தக் கணக்கில் உண்டு. என் புரோகிராமுக்குக் கால் கிடையாது, ஈரம் கிடையாது.

அன்றிலிருந்துதான் தரையில் உட்கார்ந்தேன். மாவு ஒரு தனிப் படிப்பு. நைஸான அரிசி மாவு விரலில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக விழும். கொஞ்சம் கரகரப்பான வெள்ளைக்கல் கோலமாவு வழுக்கிக்கொண்டு இறங்கும், கம்பி சீராக வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, தரையைத் தொடாமல், கொஞ்சம் உயரத்திலிருந்து விட வேண்டும். வளைவில் மணிக்கட்டு திரும்பக் கூடாது, முழங்கையோடு திரும்ப வேண்டும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் டைல்ஸ் தரையில் மாவு நிற்காமல் ஓடும், ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே போட்டால் நிற்கும். இப்போது எங்கள் வீட்டு வாசல் கோலம் என் பொறுப்பு. ஆண்பிள்ளை கோலம் போடுவதை மாடிப்படியில் நின்று பார்த்தவர்கள் உண்டு. இப்போது அவர்களில் இரண்டு பேர் புள்ளிக் கணக்குக் கேட்க வருகிறார்கள்.

ஆண்கள் போடுவது என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டின் சொக்வே மக்கள், மணலில் புள்ளி வைத்து, அதைச் சுற்றி விரலால் ஒரே கோடாக வரைவார்கள், வரைந்துகொண்டே கதை சொல்வார்கள். அதை வரைந்தவர்கள் ஆண்கள். மொசாம்பிக்கில் வாழ்ந்த கணிதவியலாளர் பௌலஸ் கெர்டஸ் அதைப் பல வருஷம் ஆராய்ந்தார். அங்கேயும் வளையங்களின் எண்ணிக்கைக்கு அதே மீ.பொ.வ.தான். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மனிதர்கள் மண்ணில் குனிந்து ஒரே கணக்கைக் கண்டிருக்கிறார்கள்.

சரி, என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டது என்ன? வெள்ளைத் தாள் எனக்கு ஒத்துவராது. ‘எதை வேண்டுமானாலும் செய்’ என்றால் எனக்குள் எதுவும் அசைவதில்லை. புள்ளியை வைத்து, ‘எல்லாவற்றையும் சுற்று, எதையும் தொடாதே, கம்பியை அறுக்காதே’ என்று சொல்லுங்கள், அந்தக் கணம் கற்பனை விழித்துக்கொள்கிறது. எனக்குக் கலை வரும். விதியின் வழியாக வரும். வெண்பா எழுதும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ஈற்றடியில் மூன்று சீர்தான், கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலில் ஒன்றாகத்தான் முடிய வேண்டும் என்ற நெருக்கடியில்தான் தனக்கு நல்ல சொல் கிடைக்கிறது என்றார். புதுக்கவிதை எழுதச் சொன்னால் அவருக்கு ஒரு வரி வராதாம். அவரும் என் ஜாதிதான் என்று சந்தோஷமாக இருந்தது.

கணக்குப் பிள்ளை, கலைப் பிள்ளை என்று குழந்தைகளைச் சின்ன வயதிலேயே இரண்டு வரிசையில் நிறுத்துவதை விட்டுவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். புதிர் போடும் பிள்ளைக்கு அழகுணர்ச்சி இல்லை என்று அர்த்தமில்லை. அதற்கேற்ற வாசலை யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான். அதேபோல, தினமும் விடியற்காலையில் சமச்சீரும் பொது வகுத்தியும் பயிலும் ஒரு பெண்ணைப் பார்த்து ‘அவளுக்குக் கணக்கு வராது’ என்பது அநியாயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பல வீடுகளில் ஒரு கோல நோட்டு இருக்கும். அம்மாவுடையதோ பெரியம்மாவுடையதோ, கட்டம் போட்ட நோட்டில் பால்பாயின்ட் பேனாவால் போட்டது. அதைப் பரணிலிருந்து எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வையுங்கள். ஆனால் அது போதாது. நோட்டில் கோலத்தின் வடிவம் இருக்கும், போடும் வரிசை இருக்காது. எங்கே தொடங்கினார், எந்தப் பக்கம் திரும்பினார், கால் எப்படி நகர்ந்தது என்பதெல்லாம் போடுகிறவரிடம் மட்டுமே இருக்கிறது. அவர்கள் போடும்போது, முகம் வேண்டாம், தரையும் விரலும் காலும் தெரியும்படி மேலிருந்து, முதல் புள்ளியிலிருந்து கடைசி வளைவு வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, எந்த ஊர்க் கோலம், யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டு அதோடு எழுதி வையுங்கள். இந்த மார்கழிக்கே செய்யுங்கள்.